செல்லும் காசும் செல்லும் சொல்லும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். வாக்குத் தவறாத நேர்மையும் நாணயம். ஒருவரை 'நாணயமானவர்' என்று நாம் கூறும்போது அவர் மடியில் உள்ள பணத்தைக் குறிப்பதில்லை. அவர் சொன்ன சொல் செல்லும் என்பதையே குறிக்கிறோம். கை மாறிச் சென்றால்தான் காசு காசாகும்; நம்பி ஏற்கப்பட்டால்தான் சொல் சொல்லாகும். எவரும் ஏற்காத ஒன்றைச் 'செல்லாக் காசு' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இந்த இரு பொருளையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்ற வழக்கமொன்று கிரேக்க நாட்டில் இருந்து வருகிறது. அந்நாட்டினர் தம் பெருமக்களின் நினைவாகப் பொன்னிலும் வெள்ளியிலும் நினைவு நாணயங்களை வெளியிடுகின்றனர். துன்பியல் நாடகம் யாத்த புலவர்கள், தத்துவ ஞானிகள், வரலாற்றாசிரியர்கள் எனச் சொல்லையே வாழ்வாகக் கொண்டவர்கள் அந்த வரிசையில் இடம்பெறுகின்றனர். நூறு யூரோ, இருநூறு யூரோ என்று மதிப்புப் பொறிக்கப்பட்ட பொற்காசுகள் அங்கே அச்சிடப்படுவதுண்டு. அவை அளவான எண்ணிக்கையில் அச்சாகி, அழகிய பேழையில் அடக்கப்பட்டு, சான்றிதழோடு சேகரிப்பாளர் கைக்குச் செல்கின்றன. பொறிக்கப்பட்ட மதிப்பைவிடப் பொன்னின் விலை மிகுதியாதலால் எவரும் அவற்றைக் கடைத்தெருவிற்குக் கொண்டு செல்வதில்லை. கொண்டு சென்றாலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இத்தகைய சேகரிப்பு நாணயம் அதனை வெளியிட்ட நாட்டிற்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். எல்லை தாண்டினால் அது வெறும் பொன், பணமன்று.

இங்கே நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. புலவனின் முகத்தைப் பொன்னில் பொறிப்பது புலவனுக்குச் செய்யும் சிறப்பா? அல்லது புலவனின் பெயரால் பொன்னுக்குத் தேடும் சிறப்பா? ஒரு சமுதாயம் தன் சொல்லாளர்களுக்குப் பட்டிருக்கும் கடனை எதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்?

"கிரேக்கர் தம் புலவர்களைப் பொன்னில் பொறித்தால் நமக்கென்ன?" என்று வாசகர் கேட்கக்கூடும். நமக்கும் அந்தக் காசுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. பொருளீட்ட வளைகுடா நாடு செல்லும் நம்மவர் ஊதியமாகப் பெறுகின்ற 'திர்ஹம்' என்னும் பெயர், கிரேக்கரின் 'டிராக்மா' பாரசீகத்தின் வழியே அரபு மொழியில் வந்து சேர்ந்த வடிவமே. 'ஒரு கைப்பிடி' என்பது டிராக்மாவின் மூலப்பொருள். கிரேக்க நாடு யூரோவுக்கு மாறியபோது, 2002ஆம் ஆண்டில் டிராக்மா தான் பிறந்த மண்ணில் வழக்கொழிந்தது. அமீரகத்திலும் மொரோக்கோவிலும் அது திர்ஹமாக இன்றும் உலவுகின்றது. பிறந்த இடத்தில் மறைந்த சொல் புகுந்த இடத்தில் வாழ்கிறது. சொல்லின் இயல்பே அதுதான் போலும்!

மற்றோர் உறவும் உண்டு. இஸ்லாமிய ஆட்சியின் தொடக்க காலத்தில் ஷாம் நாட்டில் வழங்கிய பொற்காசுகள், கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசின் காசுகளை ஒட்டியே அமைந்திருந்தன. அவற்றில் மன்னர்களின் உருவம் இருந்தது. கலீபா அப்துல் மலிக் பின் மர்வான், ஹிஜ்ரி 74 முதல் சில ஆண்டுகள் கலீபா நிற்கும் உருவம் பொறித்த தீனார்களை வெளியிட்டார். பின்னர் ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-697இல், அவர் செய்த மாற்றம் நாணய வரலாற்றில் பெரியது. உருவம் முற்றாக நீங்கியது. காசின் இருபுறமும் எழுத்து மட்டுமே நின்றது. இறைவன் ஒருவனே என்னும் வாசகமும் அச்சான ஆண்டும் அதில் இடம்பெற்றன. கலீபாவின் பெயர்கூட இல்லை. ஏறத்தாழ 4.25 கிராம் எடையுள்ள அந்தச் சிறு வட்டத்தில் முகம் விலகிச் சொல்லுக்கு இடம் விட்டது. முகமா, சொல்லா என்னும் கேள்வியைக் காசின் மீதே வைத்து விடை கண்ட ஒரு மரபின் வழிவந்தவர்கள் நாம். ஆகவே கிரேக்கரின் பொற்காசைப் பற்றி எண்ணிப் பார்ப்பது நமக்குப் பொருத்தமற்றதன்று.

புலவரைக் காசில் பொறிப்பது கிரேக்கருக்குப் புதிதன்று. ஹோமரைத் தம் ஊர்க்காரர் என்று பல நகரங்கள் உரிமை கொண்டாடின. அவற்றுள் ஒன்று, இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்கும் ஸ்மிர்னா. அந்நகரில் ஹோமரின் பெயராலேயே வழங்கிய காசு ஒன்று இருந்ததாகப் புவியியலாசிரியர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். அது பொற்காசன்று, செப்புக் கலவைக் காசு. மீனும் எண்ணெயும் வாங்கும் ஏழைக் கையில் புரளுகின்ற சில்லறை. நம் காலத்திலும் அம்மரபு தொடர்ந்தது. 1986 முதல் டிராக்மா மறையும் வரை, கிரேக்கரின் ஐம்பது டிராக்மாக் காசில் ஹோமரின் தலை இருந்தது. 1990 முதல் இருபது டிராக்மாக் காசில், நாட்டுப் பண்ணை இயற்றிய தியோனிசியோஸ் சொலொமோஸின் முகம் இருந்தது. அந்தக் காசுகளுக்குப் பேழையும் இல்லை, சான்றிதழும் இல்லை. பேருந்துச் சீட்டு வாங்கவும், ரொட்டி வாங்கவும் அவை நாள்தோறும் கை மாறின. தேய்ந்த காசில் புலவரின் மூக்கும் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வே அவர் மக்களிடையே உலவியதற்குச் சான்று.

ஹோமரின் உண்மையான முகம் எத்தகையது என்பதை அறிந்தவர் எவருமிலர். சிலைகளிலும் காசுகளிலும் காணப்படுவது சிற்பியின் கற்பனையே. ஆனால் அவர் பெயரால் வழங்கும் இரு பெருங்காப்பியங்களும் ஏறக்குறைய இருபத்தேழு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. இதற்கு நேர்மாறானது சாஃபோ என்னும் பெண்பாற் புலவரின் கதை. அவர் வாழ்ந்த லெஸ்போஸ் தீவின் மிதிலீனி நகரம், ரோமானியர் ஆட்சிக் காலத்தில் அவர் உருவம் பொறித்த காசுகளை வெளியிட்டது. அக்காசுகளில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவருடைய பாடல்களோ அலெக்சாந்திரியாவில் ஒன்பது நூல்களாகத் தொகுக்கப்பட்டும் அழிந்துபோயின. முழுமையாக எஞ்சியது ஒரே ஒரு பாடல் என்பர், மற்றவை துணுக்குகள். காசு நின்றது, கவிதை போயிற்று! போன கவிதையின் சில வரிகள் எங்கிருந்து மீண்டன? 1896-97 குளிர்காலம் தொட்டு எகிப்தின் பஹ்னஸாவில் ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் பண்டைய குப்பை மேடுகளைத் தோண்டினர். மக்கள் படித்துக் கிழித்தெறிந்த நாணற்புல் தாள்களில் சாஃபோவின் வரிகள் கிடைத்தன. உலோகம் அவருடைய முகத்தைக் காத்தது. அவருடைய சொல்லைக் காத்தது, மக்கள் பயன்படுத்தித் தூக்கி எறிந்த தாள்.

பொற்காசின் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதனையும் கேட்போம். பொன் துருப்பிடிப்பதில்லை; மங்குவதில்லை. மறதி மிகுந்த மனித குலம் தான் உயர்வாகக் கருதுவதை உயர்ந்த உலோகத்தில் பொறிக்க விழைவது இயல்பே. தந்தையின் பேழையிலுள்ள பொற்காசைப் பார்த்து, "இவர் யார்?" என்று கேட்கும் சிறுவன் ஒருவன், அந்தக் கேள்வியிலிருந்து நூலகத்தை நோக்கி நடக்கவும் கூடும். போர்வீரனின் முகத்தையும் அரசனின் முகத்தையும் மட்டுமே தாங்கி வந்த பொன், ஒரு நாடகப் புலவனின் முகத்தைத் தாங்குவது பொன்னுக்கு ஒரு நல்ல திருப்பம் என்றும் சொல்லலாம். இவையெல்லாம் மறுக்கத் தக்கவையல்ல. ஆயினும் ஒரு பொருளின் மேன்மை அதன் உலோகத்தில் இல்லை. அது செய்யும் தொழிலில்தான் இருக்கிறது என்று நமக்குக் கற்பித்தவர்கள் உண்டு.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில், நன்றி செலுத்துதல் பற்றிய பகுதியில், தங்க வெள்ளி நாணயங்களைக் குறித்து ஆழ்ந்த விளக்கம் ஒன்றைத் தருகிறார்கள். பொன்னும் வெள்ளியும் தம்மளவில் பயனற்ற கற்கள். பொருள்களுக்கிடையே மதிப்பைத் தீர்த்து வைக்கும் நீதிபதிகளாகவே இறைவன் அவற்றை அமைத்தான். அவற்றைப் பதுக்கி வைப்பவர், ஊருக்கு நீதி வழங்க வேண்டிய நீதிபதியைச் சிறையில் அடைத்தவரைப் போன்றவர் என்பது அவர்களின் கருத்து. நாணயத்திற்கு அவர்கள் தரும் உவமைகள் இரண்டு. ஒன்று, கண்ணாடி: தனக்கென நிறமில்லாமல் எல்லா நிறத்தையும் காட்டுவது. மற்றொன்று, இலக்கணத்தில் வரும் இடைச்சொல்: தனக்கெனப் பொருளில்லாமல் பிற சொற்களின் பொருளை விளங்கச் செய்வது.

காசை விளக்க வந்த இமாம் அவர்கள் சொல்லின் இலக்கணத்தை எடுத்தாளுவது கருதத்தக்கது. இடைச்சொல்லைத் தனியே பிரித்தெடுத்துப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தால் அதற்கு என்ன பொருள் இருக்கும்? வாக்கியத்தில் புகுந்து உழைக்கும்போதே அதற்கு உயிர். காசுக்கும் அப்படியே. பொன்னையும் வெள்ளியையும் சேர்த்து வைத்து இறைவழியில் செலவிடாதோர்க்குத் திருமறையின் 'தவ்பா' அத்தியாயம் விடுக்கும் கடும் எச்சரிக்கையை நாம் அறிவோம். அந்த எச்சரிக்கை பொன்னுக்கு மட்டும் உரியதா? ஓதுவோர் இன்றி அலமாரியில் அடுக்கப்பட்ட நூல், பாடுவோர் இன்றிப் பாராட்டு விழாக்களில் மட்டும் நினைக்கப்படும் கவிதை, பேழையில் கிடக்கும் புலவனின் முகம்: இவையும் பதுக்கல் அல்லவா?

செலாவணியாகும் சொல் எத்தகைய வலிமை உடையது என்பதற்குக் கிரேக்க நாட்டின் அண்மைக் கால வரலாறே சான்று பகரும். 1941ஆம் ஆண்டு ஜெர்மானியப் படை ஏதென்ஸ் நகரைக் கைப்பற்றியது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. தெருக்களில் மக்கள் பட்டினியால் மாண்டனர். டிராக்மா நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. மக்கள் தாள் பணத்தை நம்பாமல், பிரிட்டிஷ் 'சாவரின்' பொற்காசையே நம்பினர். நம் இல்லங்களில் 'சவரன்' என்று கணக்கிடுகிறோமே, அச்சொல்லின் மூலமான அதே காசுதான். நாடு விடுதலை பெற்ற பின், 1944 நவம்பரில் புதிய டிராக்மா வந்தபோது, ஐயாயிரம் கோடிப் பழைய டிராக்மாவுக்கு ஒரு புதிய டிராக்மா என்று மாற்று விகிதம் வைக்கும் நிலை உண்டாயிற்று. அரசின் முத்திரை பெற்ற தாள்கள் குப்பையாயின.

அந்தக் கொடிய காலத்தின் நடுவே, 1943 பிப்ரவரி 27ஆம் நாள், முதுபெரும் கவிஞர் கொஸ்திஸ் பலாமாஸ் மறைந்தார். மறுநாள் நடந்த அடக்கத்திற்கு, பசியால் மெலிந்த ஏதென்ஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். கவிஞர் சிகெலியானோஸ் இரங்கற்பா முழங்கினார். கூடியிருந்தோர், ஆக்கிரமித்தவர்களின் கண்முன்பாகவே, தம் நாட்டுப் பண்ணைப் பாடினர். சொலொமோஸ் 1823இல் எழுதிய விடுதலைப் பாடலின் முதற்பகுதி அது. பணம் செல்லாத ஊரில் நூற்றிருபது ஆண்டு முந்தைய கவிதை சென்றது! துப்பாக்கி ஏந்தியவர்கள் தடை செய்ய இயலாத செலாவணி அன்று அங்கே நடந்தது. பொற்காசு வைத்திருந்தவரால் ஒரு வேளை ரொட்டி வாங்க முடிந்தது. அச்சம் நீங்குவதற்கு வேண்டியதைக் கவிதை தந்தது.

இதையொத்த மற்றொரு காட்சி 1971இல் நிகழ்ந்தது. அப்போது கிரேக்கத்தை ஆண்டது இராணுவக் கூட்டம். நோபல் பரிசை 1963இல் பெற்றவரும், வெளிநாட்டுத் தூதுவராகப் பணி செய்தவருமான கவிஞர் ஜார்ஜ் செஃபெரிஸ், 1969 மார்ச்சில் அந்த ஆட்சியைக் கண்டித்து அறிக்கை விடுத்தார். 1971 செப்டம்பரில் அவர் காலமானார். அவர் உடலைத் தொடர்ந்து சென்ற பெருங்கூட்டம், இசையமைப்பாளர் தியோடராகிஸ் மெட்டமைத்த அவருடைய பாடலைப் பாடிற்று. தியோடராகிஸின் இசை தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. செஃபெரிஸ் தம் அரசிடமிருந்து பெற்ற எந்தச் சிறப்பும் அந்தத் தெருப்பாட்டுக்கு ஈடாகாது.

அரசு செய்யும் சிறப்பைப் பற்றி நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இதனால்தான். 1936இல் அமைந்த சர்வாதிகார அரசு, யான்னிஸ் ரிட்ஸோஸ் என்னும் கவிஞரின் நூற்படிகளை ஏதென்ஸ் நகரில் எரித்தது. சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளி ஒருவனின் தாய் அழும் அழுகையே அந்நூல். அவர் பிற்காலத்தில் தீவுச் சிறைகளில் பல ஆண்டுகள் அடைபட்டார். பின்னர் வந்த தலைமுறை அவரைப் போற்றியது. எரித்த கையும் போற்றிய கையும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனால் புலவன் உயிருடன் இருந்து கேள்வி கேட்கும்போது தீயும் சிறையும், வாய் மூடிய பிறகு பொன்னும் வெள்ளியும் என்பது எல்லா நாட்டு அரசுகளுக்கும் பழகிப்போன நடைமுறை. கேள்வி கேட்ட வாயைக் காட்டாமல் நெற்றியையும் தாடியையும் மட்டும் காட்டுவது நாணயத்திற்கு எளிது.

நிக்கோஸ் கஸான்ட்ஸாகிஸின் வரலாற்றையும் இங்கே கூறலாம். அவருடைய கருத்துகளில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றிய கிறித்தவ நம்பிக்கையை மையமாக வைத்து அவர் எழுதிய நாவல் ஒன்று, 1954இல் வாத்திகனின் தடை நூற்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சொந்த நாட்டுத் திருச்சபையினரின் சினத்திற்கும் அவர் ஆளானார். 1957இல் ஜெர்மனியில் மறைந்த அவர், கிரீட் தீவின் ஹெராக்லியோன் நகரத்துக் கோட்டை மதிலின் மேல் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆனபோது, 2017இல் கிரேக்க நாடு அவர் உருவம் பொறித்த இரண்டு யூரோ நினைவு நாணயத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பலாமாஸுக்கும் அவ்வாறு ஒரு நாணயம் வந்தது. இவை பொற்காசுகள் அல்ல. இலட்சக்கணக்கில் அச்சான புழக்கக் காசுகள். யூரோ வழங்கும் நாடுகள் அனைத்திலும் இவை செல்லும். கிரேக்கத்தில் அச்சான கஸான்ட்ஸாகிஸின் முகம், லிஸ்பனில் ஒரு தேநீர்க்கடையிலோ பெர்லினில் ஒரு காய்கறிக் கடையிலோ சில்லறையாக யாரோ ஒருவர் கையில் விழக்கூடும். இரண்டு யூரோக் காசு எல்லை தாண்டுகிறது. இருநூறு யூரோப் பொற்காசு எல்லையில் நின்றுவிடுகிறது. இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பின், பொன்னைப் பழித்துவிட்டு நிம்மதி கொள்ளும் எளிய வழியில் நாம் இறங்கிவிடலாகாது. அதனைத் தடுத்து நிறுத்துபவர், கிரேக்கர் தம் துன்பியல் புலவருள் தலையாயவராகப் போற்றும் சோபக்ளிஸே. அவர் வெறும் நாடகாசிரியர் மட்டும் அல்லர். கி.மு. 443-442இல் ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணியின் கருவூலக் காப்பாளர்களுள் ஒருவராக இருந்தவர். பொன்னின் கனத்தைக் கையால் அறிந்தவர். அவருடைய 'ஆண்டிகனி' நாடகத்தில், பணத்தைப் போன்ற கேடு மனிதரிடையே வேறொன்றும் இல்லை என்ற கருத்தில் ஒரு நீண்ட கண்டனம் வருகிறது. அதைக் கூறுபவன் யார்? கிரியோன் என்னும் அரசன். எப்போது கூறுகிறான்? தன் ஆணையை மீறி ஒரு பிணம் அடக்கம் செய்யப்பட்டதை அறிந்து, காவலன் கையூட்டு வாங்கிவிட்டான் என்று பழி சுமத்தும்போது. உண்மையில் அங்கே காசுக்கு வேலையே இல்லை. ஒரு சகோதரி, இறைவனின் எழுதாத சட்டத்திற்கு அஞ்சித் தன் சகோதரனை அடக்கம் செய்தாள், அவ்வளவே. பின்னர், உண்மையை எடுத்துரைக்க வந்த ஞானியையும் காசுக்கு விலை போனவன் என்றே கிரியோன் ஏசுகிறான்.

பணத்தை அவ்வளவு கடுமையாகப் பழித்தவனே, மனிதர்களின் ஒவ்வொரு செயலையும் பணத்தின் கணக்கிலேயே எடைபோட்டான் என்பதுதான் அந்தப் பகுதியின் உட்பொருள். கடமைக்காகவும் அன்புக்காகவும் இறையச்சத்திற்காகவும் மனிதர் செயல்படக்கூடும் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. நாமும் அந்தத் தவற்றுக்கு ஆளாகலாம். பொற்காசு வெளியிட்டவர் அனைவரும் வணிகர். வாங்கியவர் அனைவரும் பதுக்குவோர் என்று தீர்ப்பளித்தால், அது கிரியோனின் தீர்ப்பாகவே முடியும். உள்ளங்களை அறிந்தவன் இறைவன் ஒருவனே. புலவனை நேசித்து, அந்த நேசத்தின் அடையாளமாக ஒரு பொற்காசை வாங்கி வைத்திருப்பவரும் இருக்கலாம். அவரை நோக்கி நாம் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றே: "அந்தப் பேழைக்கு அருகில் அப்புலவனின் நூலும் இருக்கிறதா? அதைத் திறந்து பார்ப்பதுண்டா?"

பொன் சொல்லுக்குப் பகையாக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பக்தாதில் கலீபா மஃமூன், கிரேக்க நூல்களை அரபு மொழியில் ஆக்கிய ஹுனைன் பின் இஸ்ஹாக்கிற்கு, அவர் மொழிபெயர்த்த நூலின் எடைக்கு எடை பொன் வழங்கியதாக மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ குறிப்பிடுகிறார். கனத்த தாளில், பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டு எழுதப்பட்ட ஹுனைனின் நூற்படிகளைத் தாம் கண்டதாகவும், எடை கூடுவதற்காகவே அவ்வாறு எழுதப்பட்டன என்றும் அவர் சொல்வது நமக்குப் புன்னகையை வரவழைக்கும். ஆயினும் அந்தப் பொன் செய்த வேலையைப் பாருங்கள். உயிருடன் உழைத்த ஒருவருக்குக் கூலியாகச் சென்றது. அதன் பயனாகக் கேலனின் மருத்துவ அறிவு அரபு மொழிக்கு வந்தது. புலவனின் வியர்வை உலருமுன் கொடுக்கப்படும் பொன் வேறு. அவன் மறைந்தபின் அவன் முகத்தைச் சுமக்கும் பொன் வேறு. முன்னது நீதி, பின்னது அலங்காரம். நீதி செய்யாமல் அலங்காரம் செய்வதே குற்றம்.

கவிஞர் கவாஃபியை எண்ணிப் பாருங்கள். நவீன கிரேக்கக் கவிதையின் பெருமகனான அவர் வாழ்ந்தது எகிப்தின் அலெக்சாந்திரியாவில். நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராகப் பணி புரிந்தார். விலைக்கு விற்கும் நூலாகத் தம் கவிதைகளை அவர் வெளியிட்டதில்லை. தனித்தாள்களில் அச்சிட்டு, வேண்டியவர்களுக்குத் தாமே கொடுத்து வந்தார். பிறந்த அதே ஏப்ரல் 29ஆம் நாளில், 1933இல் மறைந்தார். அவர் தந்த தாள்கள் கைக்குக் கை மாறி, மொழிக்கு மொழி தாவி, இன்று உலகெங்கும் படிக்கப்படுகின்றன. காசு வாங்காமல் கொடுத்தவை காசைவிட விரைவாகச் சென்றன.

புலவரைச் சிறப்பிப்பது எப்படி என்பதற்கு நம் மரபில் ஒப்பற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. முன்பு பகைமை பாராட்டி வசை பாடிய கஅப் பின் ஸுஹைர், மனம் திருந்தி மதீனா வந்து, பெருமானார் (ஸல்) அவர்கள் முன்னிலையில் தம் கவிதையைப் பாடினார். அண்ணலார் தாம் அணிந்திருந்த போர்வையை எடுத்து அவர்மீது போர்த்தினார்கள். அந்தப் போர்வையைப் பெருந்தொகை கொடுத்து வாங்க முஆவியா (ரலி) அவர்கள் விரும்பியபோது கஅப் (ரலி) இணங்கவில்லை என்றும், அவர் மறைவுக்குப் பின் அவருடைய வாரிசுகளிடமிருந்தே அது விலைக்குப் பெறப்பட்டது என்றும் வரலாறு கூறுகின்றது. ஒரு துணி! அதில் பொன் இழை இல்லை. அண்ணலாரின் மேனி பட்ட வெதுவெதுப்பு இருந்தது. "உன்னை மன்னித்தேன், உன் சொல்லைக் கேட்டேன்" என்னும் பொருள் இருந்தது. கேட்கப்பட்டோம் என்பதை உணர்வதினும் பெரிய பரிசு புலவனுக்கு வேறு என்ன?

திருமறையில் 'கவிஞர்கள்' என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தாம் செய்யாததைச் சொல்லித் திரிவோரை அது கண்டிக்கிறது. நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோரை அக்கண்டனத்திலிருந்து விலக்குகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே பிளவு இல்லாமையே கவிஞனின் தகுதி என்பது இதனால் விளங்குகிறது. நாம் தொடக்கத்தில் கூறிய 'நாணயம்' என்பதன் இரண்டாம் பொருள் இதுவன்றோ? புலவனுக்குச் செய்யும் சிறப்பும் நாணயமாக இருக்க வேண்டும். அவன் கூறியதைக் கேளாமல் அவன் முகத்தை மட்டும் போற்றுவது, செயலில்லாச் சொல்லைப் போலவே வெறுமையானது.

இருபது மிஸ்கால் பொன்னைச் சேர்த்து வைத்திருப்பவர், ஆண்டு ஒன்று கழிந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்கு வழங்கக் கடமைப்பட்டவர். பேழைக்குள் உள்ள காசில் எந்தப் புலவரின் முகம் இருந்தாலும் இந்தக் கடமையிலிருந்து அதற்கு விலக்கில்லை. உறங்கும் பொன்னை ஆண்டுக்கொருமுறை எழுப்பித் தெருவுக்கு அனுப்புகிறது மார்க்கம். அறிவுக்கும் ஜகாத் உண்டு. அதைப் பிறர்க்குக் கற்பிப்பதே அந்த ஜகாத் என்று நம் ஆன்றோர் கூறுவர். ஒரு நல்ல நூலைப் படித்தவர் அதனை நால்வருக்குச் சொல்வதும், ஒரு கவிதையை நெஞ்சில் வைத்திருப்பவர் அதைத் தம் பிள்ளைக்கு ஓதிக் காட்டுவதும், வாழும் எழுத்தாளனின் நூலை இரவல் கேளாமல் விலை கொடுத்து வாங்குவதும் அந்த ஜகாத்தின் பகுதிகளே. இதற்குப் பொன் வேண்டியதில்லை. செப்புக்காசு கைமாறுவதைப் போல, சொல் வாய்க்கு வாய் மாறினால் போதும்.

கிரேக்கர் தம் பொற்காசுகளை அச்சிடட்டும். அது அவர்கள் விருப்பம். பஞ்சத்தின் நடுவே ஒரு கவிஞனின் அடக்கத்தில் நின்று பாடிய அம்மக்களுக்கு, புலவனை எப்படிப் போற்றுவது என்பதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதே அதிகம். அன்று அவர்கள் பாடிய பாடலுக்கு எடையும் இல்லை, மாற்றும் இல்லை. அது சென்றது. நம் நெஞ்சில் உறங்கும் நற்சொற்களையும் நாம் செலவிடத் தொடங்குவோமாக! செலவிடச் செலவிடக் குறையாத செல்வம் அது ஒன்றே.